கூழ் குடித்த பாறை

சொட்டுப்பாறையின் மேல் ஒட்டிக்கிடந்த கறுப்பு ஓர் உயிரா, இரண்டு உயிரா என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

2058-க்கு முன்னால் அரசுக்கு இந்த மாதிரிச் சந்தேகங்கள் வந்ததில்லை. அந்த ஆண்டுதான் கல்பாசிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிரியாணிக்குப் போடக் கல்பாசி கிடைக்காமல் போன பிறகு, அதைப் பிரியாணியில் மட்டுமே சந்தித்திருந்தவர்கள் கூடி எழுதிய சட்டம் அது. அதன்படி, ஒரு பூஞ்சையும் அதற்கு உணவு தரும் வேறோர் உயிரும் ஒரே இடத்தில் நிலையாகக் கூடி வாழ்ந்தால் அது கல்பாசி. அது வாழும் பாறையில் உளி படக் கூடாது. பூஞ்சை தனியாக வாழ்ந்தால் அது அழுக்கு. பாறையை வெட்டி, மெருகேற்றி, வெளிநாட்டுச் சமையலறைகளுக்கு அனுப்பிவிடலாம்.

கூடி வாழ்ந்தால் மரியாதை, தனியாக வாழ்ந்தால் வெடிமருந்து. வாடகைக்கு வீடு தேடிய எந்தப் பிரம்மச்சாரிக்கும் இந்தச் சட்டம் புதிதாகத் தோன்றியிருக்காது.

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சொட்டுப்பாறையின் கறுப்புதான் சட்டத்துக்குள் அடங்கவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பாறைத்தேமல் என்றார்கள். கரிச்சட்டியின் அடியைத் தடவிய விரலால் பாறை முழுக்கத் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி இருக்கும். அது பூஞ்சைதான். ஆனால் அதன் புள்ளிகளுக்குள் பச்சைப் பாசி உட்கார்ந்திருந்தது. கல்பாசியைப் போல அடுக்குக் கட்டிக் கண்ணியமாகக் குடித்தனம் நடத்தவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

பாறைக்கு அடியில் அறுபத்து மூன்று வீடுகள், இருநூற்றுப் பதினான்கு பேர். பாறை இடுக்கில் வருஷம் முழுக்கச் சொட்டும் ஊற்றுதான் அவர்களுடைய தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போட்ட போர்களிலும் புழுதிதான் வந்தது. பாறை போனால் ஊற்று போகும், ஊற்று போனால் ஊர் போகும். இது குவாரிக் கம்பெனிக்கும் தெரியும். அவர்களுடைய வரைபடத்தில் ஊர் இருந்த இடத்தில் 'லாரி திருப்பும் இடம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

எனவே மூன்று சோதனை. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும் நாற்பது இடங்களில் பச்சைமானி என்ற கருவியை வைத்து நீல வெளிச்சம் அடிக்க வேண்டும். உள்ளே பாசி உயிரோடு இருந்தால் கருவி சிவப்பாகக் கண் சிமிட்டும். முப்பது சிமிட்டினால் கல்பாசி. முதல் சோதனையில் முப்பத்தேழு. இரண்டாவதில் முப்பத்தாறு. மூன்றாவதும் கடைசியுமான சோதனை ஆடி மாதக் கடைசியில் நடந்தது.

சோதிக்க வந்தவர் சான்றளிப்பு அலுவலர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்காரர். அவருக்கு மலை பிடிக்காது, வெயில் பிடிக்காது, மனிதர்கள் கொஞ்சமும் பிடிக்காது. கல்பாசி பிடிக்கும், அது பேசாது என்பதால். அவருக்கு வலப் பக்கத்தில் கம்பெனியின் சுற்றுச்சூழல் மேலாளர் கோகுலகண்ணன் நின்றார். கோயம்புத்தூர்க்காரர், ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றும்போதும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். இடப் பக்கத்தில் வார்டு உறுப்பினர் மாதம்மாள். துளை போடும் இயந்திரத்துக்கு முன்னால் ஒன்பது நாள் உட்கார்ந்து அதைத் திருப்பி அனுப்பியவள். ஒன்பதாம் நாள் இயந்திரத்தின் டிரைவர் அழுதுவிட்டதாகச் சொல்வார்கள்.

"அடிச்சுப் பாருங்க மேடம். இந்தத் தபா நாப்பதுக்கு நாப்பது வரும்" என்றாள் மாதம்மாள்.

முதல் இடத்தில் கருவி சிமிட்டவில்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஜெபக்கனி கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். நாற்பது இடமும் முடிந்தபோது கணக்கு பதினொன்று.

ஜெபக்கனி குனிந்து பாறையை முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை. கறுப்புப் புள்ளிகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுத்தன.

"என்னத்த ஊத்துனீங்க?"

"கூழு" என்றாள் மாதம்மாள்.

"பாறைக்கா?"

"எங்க ஊர்ல நமக்காவ சாட்சி சொன்னவங்களுக்குத்தான் ஆடிக்கூழுல மொதக் கொடம். எல்லைத் தகராறு வந்தப்ப போஸ்ட்மேனு சாட்சி சொன்னாரு, அந்த வருசம் அவருக்கு ஊத்தினோம். இந்த வருசம் பாறைதான ரெண்டு தபா சாட்சி சொல்லியிருக்கு?"

"எத்தன கொடம்?"

"வூட்டுக்கு ஒண்ணு. அறுபத்து மூணு."

"மேல இருந்து வெல்லக் கூழுங்க, கீழ மோர்க் கூழுங்க" என்று கோகுலகண்ணன் திருத்தமாகச் சேர்த்தார். "வீடியோ எடுத்து வெச்சிருக்கறனுங்க."

மாதம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "இன்னா ஆவும்னு தெரிஞ்சேதான் பாத்துக்கினு நின்னியா?"

"பக்திங்கம்மணி. பக்தியில தலையிடறது எங்க கம்பெனி கொள்கை இல்லீங்க."

என்ன ஆகும் என்பதை ஜெபக்கனிதான் சொன்னார், பாறையைப் பார்த்துக்கொண்டே. "இது பட்டினி கெடந்தாத்தான் பாசியச் சேத்துக்கிடும். பாறையில திங்க என்ன இருக்கு? வெயிலும் தூசியும். பாசி வெயில்ல சமைக்கும், இது ஒக்காந்து திங்கும். பதிலுக்குக் கொஞ்சம் நெழலு குடுக்கும். நீங்க அறுபத்து மூணு கொடம் கூழ ஊத்திட்டீங்க. வயிறு ரொம்பிட்டு. இனி பாசி எதுக்கு? வெளிய தள்ளிட்டு."

மாதம்மாள் உப்பியிருந்த புள்ளி ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரும் பெங்களூர்ல வேல கெடச்சதும் இதத்தான் செஞ்சாரு" என்றாள்.

பின்னால் நின்ற கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாறைக்குக் கூழ் என்பது மாதம்மாளின் யோசனை. ஒன்பது நாள் அவளைத் தெய்வமாகப் பார்த்தவர்கள் இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்கள். "கூழ மனுசனுக்கு ஊத்தியிருந்தா இந்நேரம் செரிச்சாவது போயிருக்கும்" என்று ஒரு குரல் வந்தது.

"காயப் போட்டா மறுபடி பாசியச் சேத்துக்குமா?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"சேத்துக்கிடும். நாலு மாசம், அஞ்சு மாசம் ஆகும்."

"நாங்க வெள்ளிக்கெழமையே துளை போடறமுங்க" என்றார் கோகுலகண்ணன். "அப்புறம் மேடம், கொஞ்சம் வெரசா எழுதிட்டீங்கன்னா நல்லதுங்க. போன தடவை நீங்க லேட்டுப் பண்ணுனீங்கன்னு உங்க ஹெட் ஆபீசுக்கு நாந்தான் ஒரு மெயில் போட வேண்டியதாப் போச்சுங்க."

அடுத்து நடந்ததற்கு ஜெபக்கனியின் நல்ல மனதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது அவதூறு. அவர் அந்த ஊரை வெறுத்தார். கோகுலகண்ணனை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெறுத்தார், அவ்வளவுதான். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது வருஷமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவந்த சட்ட விளக்கத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தார்.

"ஏம்மா, நாளைக்கும் ஊத்துவீங்களா?"

"இனிமே அதுக்கு ஒரு சொட்டு ஊத்தினா என்ன ஏன்னு கேளுங்க."

"ஊத்துவீங்களா மாட்டீங்களான்னுதான் கேக்கேன். தெனமும். வருசம் பூரா."

மாதம்மாள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வெறுப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அது தன் மேல் இல்லை என்று தெரிந்தது. "ஊத்துவோம்" என்றாள்.

ஜெபக்கனி எழுதினார். 'வகை: கல்பாசி. பூஞ்சை: பாறைத்தேமல். உணவு தரும் கூட்டாளி: சொட்டுப்பாறை ஊரார், 214 உயிர்கள்.'

எட்டிப் படித்த கோகுலகண்ணனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக 'ங்க' நழுவியது. "மனுசனைப் போயி பாசின்னு எழுதுவியா?"

"பாசி வெயில்ல சமைக்கும். இவங்க அடுப்புல சமைக்காங்க. அடுப்பு கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனது. சட்டத்தில் அடுப்பு கூடாது என்று எங்கும் இல்லாததால் தீர்ப்பாயம் ஜெபக்கனியின் சான்றை ஏற்றது. ஆனால் கூட்டாளிகள் 'நிலையாக' வாழ வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, அதற்கு நிபந்தனை வேண்டும் என்றது கம்பெனி. நிபந்தனைகளைக் கோகுலகண்ணனே எழுதிக் கொடுத்தார். தினமும் காலை ஆறு மணிக்குப் பாறைக்குக் கூழ் ஊற்ற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சான்று செல்லாது. பாறைக்கு ஊற்றும் அதே பானையிலிருந்து குடித்து, பாறையடியில் நூற்றெண்பது நாள் தொடர்ந்து இருப்பவரே கூட்டாளி. இப்போது இருப்பவர்கள் இருந்ததாகவே கொள்ளப்படும். கூட்டாளி எவரும் ஊரைவிட்டு விலகக் கூடாது. விலகுவதென்றால் அதற்குமுன் புதிதாக ஒரு கூட்டாளி சேர்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்கக் கம்பெனியின் ஆள் அங்கேயே தங்குவார்.

ஊர்க் கூட்டத்தில் ஜெபக்கனி இதைப் படித்துக் காட்டியபோது ஆளாளுக்குக் கத்தினார்கள். மாதம்மாள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புதுசா சேர்றவங்க ஊர்க்காரங்களாத்தான் இருக்கணும்னு இருக்கா, யாரா இருந்தாலும்னு இருக்கா?"

"யாரா இருந்தாலும்."

"சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

பாறை பிழைத்தது. ஊற்று சொட்டியது. ஊர் பாசியானது.

பாசியாக இருப்பதில் உள்ள சிரமங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஓசூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் இரவுக்குள் திரும்ப வேண்டும் என்றாகி, பிறகு வேலையே இல்லை என்றானது. கட்டிக்கொடுக்கப் பெண் இருந்தது, அனுப்ப முடியாது. வெளியூரிலிருந்து பெண் எடுக்கலாம். வந்தால் திரும்ப முடியாத ஊருக்கு யார் கொடுப்பார்கள்? ஐப்பசியில் ஒரு பெரியவர் இறந்தபோது எண்ணிக்கை குறைந்துவிட்டதா என்று தீர்ப்பாயத்தைக் கேட்டார்கள். செத்தால் பரவாயில்லை, போனால்தான் குற்றம் என்று விளக்கம் வந்தது. அந்த வாரம் முழுக்க ஊரில் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது மாதம்மாளின் மகள் சுகந்திதான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்திருந்தாள். ஓசூரில் பேட்டரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தேர்வாகியிருந்தாள். மாசியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள், தங்கும் விடுதியோடு.

"நீ பாறைய காப்பாத்தின. என்ன யாரு காப்பாத்துவா?" என்று விறகடுப்பின் முன்னால் நின்று கேட்டாள். "அது கல்லு. அதுக்கு ஓசூர்ல வேல கெடச்சுதா?"

"கேவுரு மாவ எடு" என்றாள் மாதம்மாள்.

"நீ என் அம்மாவே இல்ல. நீயும் அதும் ஒண்ணு. கறுப்பா, ஒட்டிக்கினு, வுடாம."

"மாவ எடுன்னேன்."

கோகுலகண்ணன் பாறையடியில் ஒரு கன்டெய்னர் அறையில் குடியேறினார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் வெளியே போய் வர பக்கத்தில் இருந்த ஓட்டலே பதினான்கு கிலோமீட்டர். ஒரு நாள் கூழ் தவறினால் துளை போட ஆள் தயாராக நின்றதால் அவர் நகரவும் விரும்பவில்லை. முதல் இரண்டு நாள் பிஸ்கட் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை மாதம்மாள் ஒரு சொம்புக் கூழும் இரண்டு மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள்.

"வெசமுங்களா?"

"உனக்கு வெசம் வாங்க டவுனுக்குப் போவணும். நாந்தான் ஊர வுட்டுப் போவக் கூடாதே."

அது நியாயமாகப்பட்டது. ஆனாலும் முதலில் சுகந்தியை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் குடித்தார். பிறகு தினமும் குடித்தார். ஒரு மாதத்தில் மோர் மிளகாய் மூன்றானது. ஊர் மாதம்மாளைக் காறித் துப்பியது. வெட்ட வந்தவனுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறாள் என்றார்கள். துளை போடுகிறவனோடு சமாதானம் பேசுகிறாள் என்றார்கள். ஊற்றடியில் அவளுடைய குடத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். மாதம்மாள் முன் வரிசைக் குடத்தை எட்டி உதைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

கோகுலகண்ணன் கறாரான ஆள். அதை யாரும் மறுக்க முடியாது. பதிவேட்டில் தினமும் பாறைக்கு எத்தனை குடம், அந்தப் பானையிலிருந்து குடித்தவர்கள் யார் யார் என்று ஒரு பெயர் விடாமல் எழுதினார். யாராவது ஒருவர் ஒரு நாள் விடுபட்டால் பிடிக்க வேண்டுமே. கடைசி வரியில், உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, தன் பெயரையும் எழுதி, 'ஒரு சொம்பு' என்று குறித்தார். தன்னையும் ஓர் உயிராக எண்ணிப் பழகியவர் இல்லை என்பதால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நூற்றெண்பத்து மூன்றாம் நாள் ஜெபக்கனி அரையாண்டு ஆய்வுக்கு வந்தார். வெயிலைத் திட்டிக்கொண்டே பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

"புதுசா ஒரு கூட்டாளி சேர்ந்திருக்கு."

"இல்லீங்களே மேடம். ஒரு குருவி வந்தாலும் எனக்குத் தெரியாமப் போகாதுங்க."

"தொடர்ந்து நூத்தியெம்பது நாளு. அதே பானை. அதே எடம்." பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "ஒங்க கையெழுத்துதான?"

கோகுலகண்ணன் கடைசி வரியைப் படித்தார். முந்தின பக்கத்தைப் படித்தார். அதற்கும் முந்தினதைப் படித்தார். நூற்றெண்பது பக்கங்களையும் படித்தால் ஏதாவது ஒரு நாள் விடுபட்டிருக்கும் என்று நம்பியவர்போல வேகவேகமாகத் தள்ளினார். விடுபடவில்லை. அவர் கறாரான ஆள்.

"நான் கம்பெனி ஆளுங்க. நான் எப்படிங்க பாசியாவேன்?"

"யாரா இருந்தாலும்னு நீங்கதான எழுதுனீங்க?"

"அப்ப நான் இப்பவே வெலகறனுங்க. ஒண்ணு சேர்ந்திருக்குதல்லங்க? அதை வெச்சு நான் போயிக்கறன்."

"அதுக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் வந்துட்டு. மூணு நாளு முன்னாடியே" என்று ஜெபக்கனி ஒரு தாளை எடுத்தார். விலகுபவர்: சுகந்தி. அனுப்பியவர் இடத்தில் மாதம்மாளின் கையெழுத்து. சுகந்திக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கன்டெய்னர் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் சொம்பு தூக்கினு போனது இதுக்கா?" என்றாள் சுகந்தி.

"பஸ்ஸு ரெண்டு மணிக்கு" என்றாள் மாதம்மாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? ஆறு மாசம் உன்ன திட்டினு கெடந்தேன்."

"சொல்லியிருந்தா நீ சிரிச்ச மூஞ்சியா இருந்திருப்ப. அந்த ஆளு கண்டுபுடிச்சிருப்பான். போ. சாக்ஸு காயுது, எடுத்துக்கோ."

சுகந்தி இரண்டு மணி பஸ்ஸில் போனாள். கட்டிப்பிடித்துக்கொள்வதெல்லாம் நடக்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் ஏதோ சொன்னது பஸ் சத்தத்தில் கேட்கவில்லை; திட்டாகத்தான் இருக்கும் என்று மாதம்மாள் எடுத்துக்கொண்டாள். ஊற்றடிக்குப் போனபோது அவளுடைய குடத்தை யாரோ முதல் வரிசையில் வைத்திருந்தார்கள்.

கோகுலகண்ணன் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார். வழக்குத் தொடுத்து மீட்கும்படி கேட்டார். கம்பெனி யோசித்தது. கண்காணிப்பவரே கூட்டாளியாகிவிட்டதால் இனி அவரால் கண்காணிக்க முடியாது என்றும், ஊரைவிட்டு வர முடியாதவரை வேலையில் வைத்துக்கொள்வதில் பயனில்லை என்றும், அவருடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்றும் பதில் வந்தது.

அதை அவர் சத்தமாகப் படித்தபோது மாதம்மாள் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "வயிறு ரொம்பிட்டிருக்கும்" என்றாள். பிறகு ஒரு குடத்தைத் தூக்கி அவர் தோளில் வைத்தாள். "வெல்லக் கூழு மேல. வழியில சிந்தாத."

பங்குனியில் புது மேலாளர் வந்து கன்டெய்னர் அறையில் இறங்கினார். சின்ன வயசு, நல்ல ஷூ, புதுப் பதிவேடு. ஊரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி என்று யாரையாவது கேட்பதற்காக வெளியே எட்டிப் பார்த்தபோது, வாசலில் ஒருவர் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் கூழ்த் திட்டு. மேலே தட்டில் மூன்று மோர் மிளகாய்.

"வாங்க வாங்க, பிரயாணமெல்லாம் சவுரியமுங்களா?" என்றார் கோகுலகண்ணன். "குடிங்க. இங்க வேற ஒண்ணும் கெடைக்காதுங்க." புது மேலாளர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்று, சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பதிவேட்டுல உங்க பேரையும் எழுதிக்குங்க. எல்லாம் கரெக்டா இருக்கோணுமுங்க."